பனிச்சரிவுப் பாடம் நம்ம மண்சரிவுக்கு உதவுமா? (நவம்பர்ல ஓஹியாவுல இருந்து பம்பரகந்த எறங்கப் போறோம்)

ஊவாக்காத்து | நவம்பர் 6, இரவு 8.12

வணக்கம். நாங்க நாலு பேரு, எல்லாருமே பண்டாரவளைப் பக்கம். 21ஆம் தேதி சனிக்கிழமை ஓஹியா ஸ்டேசன்ல எறங்கி, டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ் வழியா பம்பரகந்த அருவிக்கு நடந்து, ஒரு ராத்திரி டென்ட் அடிச்சு, மறுநாள் கலுபஹனையில பஸ் புடிக்கிறதா பிளான்.

கூட்டாளியோட அண்ணன் சுவிஸ்ல இருக்காரு. அங்க பனிக்காலத்துல மலைக்குப் போறவங்க கோர்ஸ் செஞ்சிட்டுத்தான் போவாங்களாம். காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு ஆபத்து எத்தனையாம் நிலைன்னு பார்ப்பாங்களாம். நம்ம ஊர்ல பனின்னா ஜனவரியில நுவரெலியாவுல புல்லு மேல வெள்ளையாப் படிஞ்சு கொழுந்தைக் கருக்குற பனிதான். அது யாரு தலையிலயும் விழுறதில்ல. மண்ணு விழுது.

மண்ணுக்கு அந்த மாதிரி ஒரு பாடம் இருக்கா? ஒரு சரிவைப் பார்த்து இது வரும், இது வராதுன்னு சொல்ல ஏலுமா?

மண்ணுப்புழு | நவம்பர் 6, இரவு 9.40

பேராதனையில புவிச்சரிதவியல் ரெண்டாம் வருசம் படிக்கிறேன். ரெண்டாம் வருசம்தான், பெரிய ஆளுன்னு நெனச்சிறாதீங்க.

பாடம் இருக்கு. ஆனா அது மலை ஏறுறவங்களுக்கு இல்ல, மலைக்குக் கீழ குடியிருக்கிறவங்களுக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் மண்சரிவு எச்சரிக்கை குடுக்குது. மஞ்சள்னா கவனம், செம்மஞ்சள்னா வெளியேற ஆயத்தம், சிவப்புன்னா வெளியேறணும். பின்னால இருக்கிற மழைக் கணக்கை மனப்பாடமே பண்ணிக்கலாம். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினா கவனம். 100 தாண்டினா ஆயத்தம். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்துல 75 கொட்டினாலோ எறங்கிற வேண்டியதுதான்.

தண்ணி ஏன் மண்ணைக் கெளப்புதுன்னா, மண்ணுக்குள்ள இருக்கிற இடைவெளியெல்லாம் நெறஞ்சதும் தண்ணி உள்ள இருந்து தள்ள ஆரம்பிக்கும். அதுவரைக்கும் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு நின்ன மண்ணுல பிடி விட்டுப்போகும். அடியில பாறை சாய்வா இருந்தா மேல உள்ளது மொத்தமா கெளம்பும். மழை விட்டுச்சுன்னா ஆபத்தும் விட்டுச்சுன்னு இல்ல. ஊறின தண்ணி ஆழத்துக்கு எறங்க நேரம் எடுக்கும்.

இன்னொண்ணு, தேதி. கேகாலை, ரத்தினபுரிப் பக்கம் மே, ஜூன்ல பயம். அரநாயக்க சாமசர மலை சரிஞ்சது 2016 மே 17. உங்க பக்கம் ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும். கொஸ்லந்தை மீரியபெத்த 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் 2025 நவம்பர் கடைசி. இப்ப நீங்க குறிச்சிருக்கிற தேதியைப் பாருங்க.

டாவோஸ்_குசினி | நவம்பர் 7, அதிகாலை 2.05

தம்பி, உங்கட கூட்டாளியின்ர அண்ணன் நானில்லை, ஆனா நானும் இஞ்சதான். டாவோஸ் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில 22 வருசம். பிறந்தது பருத்தித்துறை. கடல் மட்டத்தில பிறந்தவன் மலையைப் பற்றிக் கதைக்கிறான் எண்டு சிரியாதேங்கோ.

இஞ்ச சறுக்குப் பாதைக்கு வெளிய போறவை மூண்டு சாமான் இல்லாமல் போகாயினம். உடம்பில கட்டுற சிக்னல் கருவி, பொருத்தி நீட்டுற நீளக் கம்பி, சவள். புதைஞ்ச ஆளைத் தேட ஒண்டு, குத்திப் பாக்க ஒண்டு, கிண்ட ஒண்டு. முதல் பத்து நிமிசத்துக்குள்ள எடுத்தால் பெரும்பாலும் ஆள் தப்பும். அரை மணித்தியாலம் தாண்டினால் மூண்டு பேரில ஒராள் தப்பினாலே பெரிசு. ஹெலி வரும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கேலாது, பக்கத்தில நிண்ட கூட்டாளிதான் கிண்டோணும்.

ஆனா நான் போன கோர்ஸில முதல் நாள் முழுக்க அந்தச் சாமான்களைத் தொடவே விடேல்லை. அதெல்லாம் பிழை விட்ட பிறகு பாவிக்கிறதாம். முதல்ல சரிவைப் பாக்கப் பழகோணும். 30 பாகைக்குக் கீழ பனி பெரும்பாலும் கிளம்பாது. 30இல இருந்து 45 வரைதான் சனி. அதைவிட நல்ல செங்குத்தெண்டால் பனி பெரும்பாலும் தங்காது, விழ விழக் கொட்டுண்டு போகும். பிறகு படை. பனி ஒரே பொருள் மாதிரித் தெரிஞ்சாலும் அம்மம்மா சுருட்டாமல் அடுக்கி வச்ச பாய் மாதிரிப் படைபடையாக் கிடக்கும். நடுவில ஒரு படை சீனி மாதிரிப் பொலபொலவெண்டு இருந்தால் மேல உள்ளது முழுப் பலகையா வெட்டுப்பட்டு வரும். ஆக்கள் செத்த பனிச்சரிவுகளில பத்தில ஒம்பது, மாட்டுப்பட்டவையோ கூடப் போனவையோ தங்கட பாரத்தால தாங்களே கிளப்பினது.

டாவோஸில இருக்கிற பனி ஆராய்ச்சி நிறுவனம் பனிக்காலத்தில ஒவ்வொரு பின்னேரமும் 5 மணிக்கு அறிக்கை விடும். 1 தொடக்கம் 5 வரை நிலை. கூடச் சனம் சாகிறது 5இல எண்டு நினைப்பீங்கள். இல்லை, 3இல. 5 எண்டால் ஒருத்தரும் போகாயினம். 3 எண்டால் "பாத்துப் போவம்" எண்டு போறது.

என்ர கதை ஒண்டு. 2012 பெப்ரவரி, குசினிப் பெடியள் அஞ்சு பேர் பனிச் சப்பாத்துப் போட்டு நடந்து போறம். ஒரு திடல் தாண்டேக்க காலுக்குக் கீழ "வூம்" எண்டு ஒரு சத்தம். பெரிய வீட்டுக்குள்ள ஆரோ மேல்மாடியில மெத்தையைப் போட்ட மாதிரி. கூட்டிக்கொண்டு போனவர் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, கையை மட்டும் காட்டினார், வந்த அடியிலயே திரும்பினம். உள்ளுக்கு அந்தச் சீனிப் படை இடிஞ்ச சத்தம் அது. முன்னுக்கு இருந்த சரிவு பிறகு விழுந்ததோ எண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற_கணக்கப்பிள்ளை | நவம்பர் 7, காலை 10.18

பிள்ளைகள் படித்தவர்கள், எழுதட்டும். நான் 38 வருடம் தேயிலைத் தோட்டத்து வெளிக்களத்தில் நின்றவன். ஒன்றைச் சொல்கிறேன். பனியைப் பற்றிக் கதைக்க முதல் கானை, அதாவது மழைத்தண்ணீர் போகிற வடிகாலைப் பற்றிக் கதையுங்கள்.

எங்கள் காலத்தில் மழைக்கு முன்பு கான் துப்புரவுக்கென்றே தனியாக ஆள் பிரித்துப் பேர் போடுவோம். ஓர் ஆளுக்கு இத்தனை அடி. மலையைக் குறுக்கே சுற்றி வரும் கான், அது வந்து விழும் நெட்டுக்கான், அதற்குக் கல் பதித்த படி. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, மிலாறு, கானில் கிடந்தால் அன்று கங்காணிக்கு நல்ல பூசை. இப்போது கான் இருந்த இடத்தில் ஆள் உயரப் புல். தண்ணீருக்குப் போகிற வழியை அடைத்தால் அது உள்ளேதான் போகும்.

இதை விட்டுவிட்டு எல்லா மலையும் விழும், எல்லா லயமும் (தோட்டத்து வரிசை வீடுகள்) போகும் என்று சனத்தைப் பயமுறுத்தக் கூடாது. நான் இருந்த டிவிசனில் மேல் லயம் என் தாத்தா காலத்தில் கட்டியது. இன்றும் நிற்கிறது.

ஒத்தையடி | நவம்பர் 7, நண்பகல் 12.30

ஐயா சொல்ற கான் நூத்துக்கு நூறு சரி. ஆனா தாத்தா காலத்துல கட்டினது இன்னைக்கும் நிக்குதுங்கிறது சாட்சி ஆகாதுங்க. விழுந்த லயமெல்லாம் தாத்தா காலத்துல கட்டினதுதான்.

பிள்ளமடுவத்து_அக்கா | நவம்பர் 7, இரவு 7.55

நான் இதுல எழுதுறது இதான் மொத தடவ. மகன் போன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கணக்கப்பிள்ளை ஐயா சொல்றதும் சரி, பேராதனையில படிக்கிற தங்கச்சி சொல்றதும் சரி. ஆனா நீங்க யாரும் லயத்துல படுக்கிறவங்க இல்ல போல. எங்கள மூணு தடவ எழுப்பி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாங்க. மூணு தடவயும் ஒண்ணும் வரல. மொத தடவ நடு ராத்திரி, பேரப்புள்ளைக்குக் காய்ச்சல், ஒரு கக்கூசுக்கு அறுபது பேரு. ரெண்டாவது தடவ திரும்பி வந்து பார்த்தா ஏழு கோழியில மூணுதான் இருந்துச்சு. மூணாவது தடவ மூணு நாளு பேரு இல்ல, அதாவது நாள் சம்பளம் இல்ல. மலைக்குப் போனாத்தானே பேரு போடுவாங்க. அந்த மாசம் கடையில கடன் எழுதித்தான் அரிசி வாங்கினோம்.

இப்ப சிவப்புன்னு போன்ல வந்தா எங்க லயத்துல ஆளுங்க சிரிக்கிறாங்க. நான் சிரிக்கல. ஆனா எந்திரிச்சும் போறதில்ல. மேல மலையில ஒரு வெடிப்பு இருக்கு. கால் வைக்கிற அளவு. போன வருசம் மழைக்குப் பிறகு வந்தது. அத ஆருகிட்ட சொல்றது?

மண்ணுப்புழு | நவம்பர் 7, இரவு 8.20

அக்கா, வெடிப்பைப் பத்தி உடனே கிராம சேவகர்கிட்ட சொல்லுங்க, பிரதேச செயலகத்துக்கு எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. போன்ல வெடிப்பைப் படம் எடுக்கும்போது பக்கத்துல ஒரு செருப்பை வச்சு எடுங்க, அகலம் தெரியும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடிச்சு நடுவுல உள்ள தூரத்தை அளந்து சுவத்துல எழுதி வைங்க. கூடுதான்னு அதுவே சொல்லும். ஆனா மழை பெய்யும்போது மேல போய் அளக்காதீங்க.

வெடிப்பு வழியா மழைத்தண்ணி நேரா உள்ள போகும். முடிஞ்சா வெயில் நாள்ல களிமண்ணு போட்டு இறுக்கி அடைக்கச் சொல்லுவாங்க.

டாவோஸ்_குசினி | நவம்பர் 8, அதிகாலை 1.30

அக்கா எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். நித்திரை வரேல்லை.

நான் மேல எழுதினன் தானே, அந்தச் சரிவு பிறகு விழுந்ததோ தெரியாது எண்டு. இதில உள்ள பெரிய கரைச்சல் அதுதான். திரும்பி வந்தது சரியெண்டு நிரூபிக்க உங்களிட்ட ஒண்டும் இருக்காது. திரும்பாமல் போய்த் தப்பினவனிட்ட மட்டும் கதை இருக்கும், "நான் போனனான், ஒண்டும் நடக்கேல்லை" எண்டு. பத்துத் தரம் அப்பிடிச் சொன்னவன் ஊரில அனுபவசாலி ஆகிடுவான். இயன் மெக்கமன் எண்டொருத்தர் அமெரிக்காவில நடந்த 700க்கு மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பாத்தவர். பயிற்சி உள்ளவையும் பழகின சரிவு எண்டால் கவனத்தைக் குறைச்சுக் கொள்ளுறவை எண்டது அதில வந்த ஒரு விசயம். தெரியாத மலையில பயப்பிடுவம். வீட்டுக்குப் பின்னால உள்ள மலையோட கோவிக்கவும் மாட்டம்.

மூண்டு தரம் எழுப்பி ஒண்டும் வரேல்லை எண்டால் எழுப்பினவன் பொய்யன் இல்லை. ஆனா கோழியும் சம்பளமும் போனது பொய்யில்லை. அதுக்குப் பதில் சொல்லாமல் "எழும்பி வா" எண்டால் ஆர் வருவினம்?

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு: ஒஸ்திரியாவில கால்ட்யூர் எண்டொரு ஊர். 1999 பெப்ரவரி 23 பனிச்சரிவு வந்து 31 பேர் செத்தவை. வரைபடத்தில பாதுகாப்பெண்டு குறிச்ச பகுதியில இருந்த வீடுகளும் போனது. அதுக்கு முன்னம் அவ்வளவு தூரம் ஒருநாளும் வந்ததில்லை.

ஓய்வுபெற்ற_கணக்கப்பிள்ளை | நவம்பர் 8, காலை 9.02

வாசித்தேன். தாத்தா கதையை வாபஸ் வாங்குகிறேன், கானை வாங்க மாட்டேன்.

மண்ணுப்புழு | நவம்பர் 8, காலை 11.15

கானை யாரும் வாபஸ் வாங்கச் சொல்லலீங்க ஐயா. மேல் மண்ணு மட்டும் வழியுற சின்னச் சரிவுகள்ல பாதிக்கு மேல தண்ணி வழி அடைபட்ட கதைதான்னு எங்க களப்பயணத்துல பார்த்த இடமெல்லாம் தோணிச்சு. ஆழமா மொத்தமா கெளம்புறதுக்குக் கான் மட்டும் போதாது. வீடு கட்ட மலையடியைச் செங்குத்தா வெட்டுறது இன்னொரு வினை. சுவரோட காலை வெட்டிட்டு சுவரை நிக்கச் சொல்ற மாதிரி.

மீரியபெத்தயைப் பத்தி யாரோ தனிமடல்ல கேட்டாங்க. அந்த இடம் ஆபத்து, ஆளுங்களை எடுக்கணும்னு 2005லயும் 2011லயும் சொல்லியிருந்தாங்க. சரிஞ்சது 2014ல, காலையில ஏழரை மணி போல. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைங்க தப்பிச்சாங்க, திரும்பி வந்தப்ப லயம் இல்ல. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் நடுவுல 9 வருசம். அந்த ஒம்பது வருசமும் அங்க இருந்தவங்க "ஒண்ணும் வரல"ன்னு சொன்னது உண்மைதானே. போக வேற வீடும் இருக்கல.

அக்காவுக்கு என்னால சொல்ல முடிஞ்சது இது. நடு ராத்திரி ஓட்டம் வேணாம்னா சாயங்காலமே தீர்மானிக்கணும். அதுக்குக் கொழும்புல இருந்து எஸ்எம்எஸ் வர வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. மழை ஒரு பள்ளத்தாக்குல கொட்டும், அடுத்ததுல தூறும். உங்க லயத்து மழையை நீங்களே அளக்கலாம். நேர்ச் சுவர் உள்ள பால்மா டின் ஒண்ணை மரமும் கூரையும் இல்லாத இடத்துல, காத்துக்குச் சாயாம கல்லு வச்சு நிறுத்துங்க. காலையில ஆறு மணிக்குக் கவுத்துட்டு வைங்க. அடிமட்டத்தை விட்டுப் பார்த்தா 7 சென்டிமீற்றரைத் தாண்டி நடுவுல நிக்குதுன்னா அது 75 மில்லிமீற்றர். 10 சென்டிமீற்றர்னா மூட்டையைக் கட்டுங்க.

ஊவாக்காத்து | நவம்பர் 8, பிற்பகல் 1.44

டின்னோட வட்டத்தின் பரப்பால வகுக்க வேணாமா? எங்க வீட்டு டின் பெருசு.

மண்ணுப்புழு | நவம்பர் 8, பிற்பகல் 1.51

வேணாம். பெரிய வாய்னா நெறைய மழை விழும், ஆனா அடியும் அதே அளவு பெருசு. வாயும் அடியும் ஒரே அகலம்னா உயரம் மட்டும் போதும். புனல் மாதிரி, வாளி மாதிரி இருந்தாத்தான் கணக்கு. (கணிதத்துல எத்தனை எடுத்தீங்க?)

ஊவாக்காத்து | நவம்பர் 8, பிற்பகல் 1.53

அதைக் கேக்காதீங்க.

ஒத்தையடி | நவம்பர் 9, இரவு 9.30

நான் ஹல்துமுல்லைக்காரன், பயணிகளைக் கூட்டிக்கிட்டு அந்தப் பாதையில நெறைய எறங்கியிருக்கேன். இழை தொடங்கின தம்பிக்கு யாரும் பதில் சொல்லல, எல்லாரும் லயத்துக்குப் போயிட்டீங்க. (போனது நல்லதுதான்.)

தம்பி, உடவேரிய தோட்டம் வரைக்கும் பிரச்சினை இல்ல. அதுக்குக் கீழதான் எறக்கம், ஈரத்துல சோப்பு. நான் பார்க்கிறது இவ்வளவுதான். போறதுக்கு முன்னால மூணு நாள் மழை எப்படின்னு தோட்டத்து ஆளுங்ககிட்ட போன் போட்டுக் கேப்பேன். மஞ்சள் இருந்தாலே கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன், காசைத் திருப்பிக் குடுத்துருவேன். பள்ளத்துல, ஓடை வாயில டென்ட் அடிக்க விடமாட்டேன். அங்கதான் இடம் மட்டமா, மெத்து மெத்துன்னு இருக்கும், ஆசையா இருக்கும். அது ஏன் மட்டமா இருக்குன்னா எப்பவோ மேல இருந்து வந்த மண்ணு பரவினது. முதுகுல, திட்டுல அடிங்க. காத்து அடிக்கும், அடிக்கட்டும்.

ஓடையைக் கடக்கும்போது ஒவ்வொருத்தரா. மத்தவங்க இந்தப் பக்கம் நின்னு மேல பார்க்கணும். கூட்டமாப் போனா எல்லாரும் ஒரே நேரத்துல மாட்டுவீங்க. தெளிவா ஓடின தண்ணி திடீர்னு செம்மண்ணா வந்தாலோ, இன்னும் மோசம், மழை பெய்யும்போதே தண்ணி கொறைஞ்சாலோ, மேல எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். நின்னு யோசிக்காதீங்க. கீழ ஓடாதீங்க, அதுதான் உங்களைவிட வேகமா கீழ வரும். பக்கவாட்டுல முதுகுக்கு ஏறுங்க.

அட்டைக்கு உப்பு, சவுக்காரம் எல்லாம் வேற இழையில இருக்கு.

டாவோஸ்_குசினி | நவம்பர் 10, அதிகாலை 12.50

ஒராள் ஒராளாக் கடக்கிறது, அப்பிடியே எங்கட கோர்ஸில சொல்லித் தந்தது! பக்கவாட்டில ஓடுறதும்.

ஒரு வித்தியாசம் மட்டும். பனியில நீங்கள் போகாட்டி அது உங்களிட்ட வராது, பெரும்பாலும். போறதும் விடுறதும் உங்கட கையில. மண் வீட்டுக்கு வரும். ஒத்தையடித் தம்பி காசைத் திருப்பிக் குடுத்து நிப்பாட்டலாம். அக்கா ஆரிட்டக் காசு கேக்கிறது?

பனியைப் பற்றி எழுதேக்க இன்னொண்டு ஞாபகம் வருது. இஞ்ச சுவிஸில அந்தர்மட் எண்டொரு ஊர், ஊருக்கு மேல ஒரு துண்டுக் காடு. அதில மரம் தறிக்கக் கூடாதெண்டு 1397இல எழுதி வச்சவை. பனியை மறிக்கிறது அந்தக் காடுதான் எண்டு அந்தக் காலத்துச் சனத்துக்கே தெரிஞ்சிருக்கு.

ஓய்வுபெற்ற_கணக்கப்பிள்ளை | நவம்பர் 10, காலை 8.40

எங்கள் மலையில் இருந்த காட்டைக் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வர, அந்த வெட்டின நிலத்திலேயே தேயிலை. நல்ல பராமரிப்பில் செறிவாக நிற்கிற தேயிலை மண்ணை மூடும். இடைவெளி விழுந்த கிழட்டுத் தேயிலை மூடாது. லயத்துக்கு மேல் இருக்கிற தொங்கல் காட்டையாவது விறகுக்கு வெட்டாமல் விடச் சொல்லுங்கள் அக்கா. நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் பழைய ஆள் என்பார்கள்.

ஊவாக்காத்து | நவம்பர் 18, இரவு 7.10

மூணு நாளா மழை. எங்க வீட்டு டின்ல நேத்து 6, இன்னைக்கு 5. பயணத்தைத் தள்ளிட்டோம், பெப்ரவரி பார்ப்போம். ஒருத்தன் இன்னும் மொறைச்சுக்கிட்டு இருக்கான், டென்ட் புதுசா வாங்கினவன்.

பிள்ளமடுவத்து_அக்கா, அங்க எப்படி?

பிள்ளமடுவத்து_அக்கா | நவம்பர் 19, மாலை 4.20

டின் 8. மழை விடல. மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி காலையில இருந்து கலங்கலா வருது, முன்னால அப்படி வந்ததில்ல. எங்க காம்பரா (லயத்து வீடு) கதவு நேத்து வரைக்கும் நல்லா சாத்துச்சு, இன்னைக்கு அடிச்சாத்தான் சாத்துது. எஸ்எம்எஸ் மஞ்சள்தான்.

மண்ணுப்புழு | நவம்பர் 19, மாலை 4.24

அக்கா, கதவு எறுகுறதும் பீலி கலங்குறதும் ஒண்ணா வந்தா எஸ்எம்எஸ் என்ன நிறம்னு பார்க்காதீங்க. வெளிச்சம் இருக்கும்போதே கெளம்புங்க. 117க்குச் சொல்லுங்க. பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லுங்க.

பிள்ளமடுவத்து_அக்கா | நவம்பர் 19, இரவு 8.35

கோயில் மடத்துல இருக்கோம். ரோட்டுப் பக்கம், மலை முதுகுல இருக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகல. ஆறு குடும்பம் வந்துச்சு, நாலு குடும்பம் வரல. சிரிச்ச ஆளுங்கள்ல ரெண்டு பேரு வந்திருக்காங்க. கிராம சேவகருக்கு மகன் பேசினான். பேரு பத்தி தோட்டத்துல கேட்டாச்சு, பதில் இல்ல. கோழியைக் கொழுந்துக் கூடையில போட்டு மேல சாக்கு கட்டிக் கொண்டாந்துட்டேன்.

டாவோஸ்_குசினி | நவம்பர் 19, இரவு 11.58

வராத நாலு குடும்பத்துக்கும் போன் இருக்கோ அக்கா? ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ.

பிள்ளமடுவத்து_அக்கா | நவம்பர் 20, காலை 6.50

மூணு குடும்பம் ரெண்டு மணிக்கு வந்துட்டாங்க. ஒரு வீட்டுல தாத்தா வரமாட்டேன்னு படுத்துட்டாரு, பசங்க தூக்கிட்டு வந்தாங்க, ஏசிக்கிட்டே வந்தாரு. கடைசிக் குடும்பம் விடியத்தான் வந்துச்சு.

ராத்திரி ஒண்ணும் வரல. மழை இப்ப தூறல். வெடிப்பைப் பார்க்க ஆபீசுல இருந்து ஆள் வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க, அது வரைக்கும் எறங்க மாட்டோம். கோழி மூணும் இருக்கு, ஒண்ணு கூடையிலயே முட்டை போட்டுருச்சு. டின் 11 இருந்துச்சு. கவுத்துட்டு மடத்து வாசல்ல வச்சிருக்கேன்.